பலகைக்குத் தெரியாத பெயர்

சென்ற வாரம் ஜிபாரைக் கட்டிலில் விட்டுவிட்டு வந்தோம். போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, போனை வாயருகே பிடித்து, வகுப்பு ஸ்மார்ட் போர்டுக்காகப் பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பதிவு செய்துகொண்டிருந்தாள். அய்பேக், பெகிமாய், நுர்தான் என்று கடகடவென வந்த பெயர்கள் ஓரிடத்தில் வந்து நின்றுவிட்டன. அடுத்த பெயர் தமீரா.

சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த மாமியாரின் பெயரும் அதுதான்.

கொச்கோர் ஊரில் மருமகள் மாமியார் பெயரைச் சொல்வதில்லை. மாமனார் பெயர், கணவன் பெயர், கணவனின் அண்ணன், அக்கா பெயர் எதுவும் வாயில் வரக்கூடாது. அதே பெயர் ஊரில் வேறு யாருக்கு இருந்தாலும், அவர்களுக்கு வேறொரு பெயர் வைத்துத்தான் கூப்பிட வேண்டும். இந்தக் காலத்தில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று தலைநகர் பிஷ்கெக்கில் இருப்பவர்கள் சொல்லலாம். ஜிபாரின் மாமியார் பார்ப்பாள். போன மாதம் ஒரு விருந்தில் எதிர்வீட்டு மருமகள் வாய்தவறி மாமனார் பெயரைச் சொல்லிவிட, "ஏம்மா, உங்க வீட்டு ஆட்டுக்குட்டியையா கூப்பிடறே?" என்று கேட்டு, அந்தப் பெண்ணை அத்தனை பேர் நடுவில் அழவைத்த புண்ணியவதி அவள்தான்.

ஆனால் ஜிபாரைப் படிக்க அனுப்பியதும் அதே புண்ணியவதிதான். "குழந்தையை நான் பாத்துக்கறேன், மாட்டையும் நான் பாத்துக்கறேன், நீ போய் டீச்சராகி வா" என்று சொன்னவள். "மருமகளைப் படிக்க வெச்சா தலைமேல ஏறுவா" என்று ஓதிய சொந்த மகளையே, "உன் தலையை நீ பாத்துக்கோடி" என்று வாயடைத்தவள். முழங்கால் வலியோடு விடியலில் எழுந்து அவள் பால் கறக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் ஜிபார் நரின் நகர ஆசிரியர் கல்லூரிக்குப் பேருந்து ஏறுவாள். அப்படிப்பட்டவளின் பெயரைச் சொல்ல நாக்கு எப்படி வரும்?

வரவில்லை. அந்த இடத்தில் "மணிக்குட்டி" என்று பதிவு செய்துவிட்டு, போர்வையை விலக்கி மூச்சுவிட்டாள். சிறுமி தமீராவுக்கு முன்பல் இரண்டும் விழுந்து, பார்க்க அழகாகத்தான் இருப்பாள். மணிக்குட்டி என்றால் கோபித்துக்கொள்ளவா போகிறாள்?

அங்கேதான் ஜிபார் தப்புக்கணக்குப் போட்டாள்.

காலையில் தேநீர் ஊற்றும்போதே மாமியார் ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னிக்கு நீ போன்ல வருவியாமே?"

"பள்ளிக்கூடத்து இணையப் பக்கத்துல நேரலையா போடறாங்கம்மா. பெத்தவங்க பாக்கறதுக்கு." கணவன் உலான் கூப்பிடுவதுபோலவே மாமியாரை 'அம்மா' என்றும், மாமனாரை 'அத்தா' என்றும்தான் அவளும் கூப்பிடுவாள்.

"நான் போட்டுத் தர்றேன்" என்றார் மாமனார். மின்வாரியத்தில் கம்பம் ஏறி ஓய்வுபெற்றவர், வயரும் பட்டனும் உள்ள எதையும் விடமாட்டார். "போனை சர்க்கரை டப்பாமேல சாய்ச்சு வெச்சா வீடே சினிமா கொட்டகை. டிக்கெட் மட்டும் நீ எடுத்துடு கெழவி."

"உங்க முகத்துக்கு டிக்கெட் வேறயா? பேசாம பொரிச்ச போர்சோக் ரொட்டியைத் தின்னுங்க." மாமியார் மருமகள் பக்கம் திரும்பினாள். "தலைத்துணியை ஒழுங்காக் கட்டிட்டுப் போ. ஊரே பாக்கும். என் மக பாக்காம இருப்பாளா? குத்தம் கண்டுபிடிக்கவே கண்ணாடி வாங்கி வெச்சிருக்கா."

ஜிபார் தலை குனிந்து வணங்கிவிட்டுக் கிளம்பினாள். உலான் விடிவதற்கு முன்பே வேனை எடுத்துக்கொண்டு பிஷ்கெக் போயிருந்தான். 'பயப்படாதே' என்று ஒரு வரி அனுப்பியிருந்தான். அதைப் படித்ததும் பயம் வந்தது.

பயப்படக் காரணம் இருந்தது. இன்றைய பாடம்தான் கடைசிப் பயிற்சிப் பாடம். கல்லூரியிலிருந்து சலீமா மேடம் வந்து உட்கார்ந்து பார்ப்பார். தேறினால் செப்டம்பரில் இதே பள்ளியில், இதே ஊரில் வேலை. தலைமையாசிரியை வாய்விட்டே சொல்லிவிட்டார். தேறாவிட்டால் இன்னொரு வருடம் கல்லூரி, பேருந்து. மாமியாருக்கும் இன்னொரு வருடம் மாடு, குழந்தை, முழங்கால் வலி.

பனி உருகி தெருவெல்லாம் சேறு. கால்வாயை ஒட்டிய மேட்டிலேயே நடந்து பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

இரண்டாம் வகுப்பின் ஸ்மார்ட் போர்டு குளிர்காலத்தில்தான் வந்தது. வகுப்பாசிரியை அனார்குல் அதற்குச் செய்த முதல் மரியாதை, பூப்பின்னல் போட்ட மேசைத்துணியால் மூடியது. தூசி படக்கூடாதாம். ஜிபார் பயிற்சிக்கு வந்த முதல் நாள் அந்தத் துணியை எடுத்தபோது, "உடைச்சா நான் பொறுப்பில்லை" என்று சொல்லிவிட்டு அவர் பின்வரிசைக்குப் போய்விட்டார். இன்றுவரை அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.

உடைக்கவில்லை. ஆனால் படாத பாடு பட்டாள். கூட்டல் எழுதினால் சட்டைக்கை உரசி, பலகை தானாக ஒரு கோடு போட்டு அதைக் கழித்தலாக்கும். அழிக்கப் போனால் முழுப் பாடமும் அழியும். பிள்ளைகள் ஓடிவந்து, "டீச்சரக்கா, இங்க தொடுங்க" என்று காட்டிக்கொடுப்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டாள். சட்டைக்கையை முழங்கைவரை மடித்துவிட வேண்டும். பலகை முழித்துக்கொண்டு நின்றால் பதறாமல் ஒரு பாட்டைப் பாடவைக்க வேண்டும். சட்டைப்பையில் எப்போதும் ஒரு சாக்கட்டி இருக்க வேண்டும், ஏனென்றால் கொச்கோரில் மின்சாரம் யாரையும் கேட்டுக்கொண்டு போவதில்லை.

சாக்கட்டி வைத்து நடத்திய நாட்களில் தமீரா விஷயம் யார் கண்ணிலும் படவில்லை. பக்கத்தில் போய் தோளைத் தொட்டு, "நீ சொல்லும்மா" என்றால் முடிந்தது. மற்ற பிள்ளைகளையும் அவ்வப்போது அப்படியே கூப்பிட்டு வைத்தாள், வித்தியாசம் தெரியாதிருக்க. ஆனால் பலகைக்குத் தோளைத் தொடத் தெரியாது. யாரைக் கூப்பிட வேண்டும் என்றாலும் அதற்கு ஒரு பெயர் வேண்டும்.

அதனால்தான் அன்று காலை முன்னெச்சரிக்கையாக ஒரு வேலை செய்தாள். தமீரா பையை மாட்டும் இடத்தில் குனிந்து, "இன்னிக்கு விளையாட்டுல நீ மணிக்குட்டி, சரியா? போர்டு மணிக்குட்டின்னு கூப்பிட்டா நீ விடையைத் தொடணும்" என்றாள்.

சிறுமி தலையை ஆட்டினாள். சரி என்று ஆட்டினாளா, கேட்டது என்று மட்டும் ஆட்டினாளா என்று ஜிபார் நின்று பார்க்கவில்லை.

பாடம் தொடங்கியது. சலீமா மேடம் ஜன்னலோரம் அமர்ந்து மூக்குக்கண்ணாடியை மாட்டினார். பின்னால் ஒரு முக்காலியில் பள்ளிக்கூடத்துப் போன், சிவப்புப் புள்ளியோடு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.

பலகையில் குதிரைகள் வரிசையாக நின்றன. பிள்ளைக்கு ஒரு குதிரை. பலகை பெயரைச் சொல்லிக் கூப்பிடும், ஒரு கணக்கு வரும், கூப்பிட்ட பிள்ளை தன் டேப்லெட்டில் விடையைத் தொட வேண்டும். சரியென்றால் குதிரை ஒரு பாய்ச்சல் பாயும். எல்லாரும் விடை சொன்னால்தான் அடுத்த சுற்று. கெட்டிக்காரப் பிள்ளைகள் மட்டும் ஓடி ஜெயித்து, மற்றவர்கள் வேடிக்கை பார்க்கக்கூடாது என்று ஜிபாரே யோசித்து வைத்த ஏற்பாடு அது.

"அய்பேக்!" என்று பலகை ஜிபாரின் குரலில் கூப்பிட்டது.

வகுப்பே சிரித்தது. "டீச்சரக்கா, உங்க குரலு! ஆனா மூக்கடைச்ச மாதிரி இருக்கு!"

"சளி பிடிச்சிருந்துச்சு" என்றாள். போர்வைக் கதையை இவர்களிடம் சொல்ல முடியுமா?

அய்பேக் குதிரை பாய்ந்தது. பெகிமாய் குதிரை பாய்ந்தது. நுர்தான் தப்பாகத் தொட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, மறுபடி தொட்டு, பாய்ந்தபோது நாற்காலியில் தானும் குதித்தான். சலீமா மேடம் லேசாகச் சிரித்ததை ஜிபார் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டாள். அப்பாடா என்றிருந்தது.

"மணிக்குட்டி!" என்றது பலகை.

யாரும் அசையவில்லை.

"மணிக்குட்டி!"

"மணிக்குட்டியா?" என்று நுர்தான் எழுந்தே நின்றுவிட்டான். "அது எங்க வீட்டுப் பூனை பேரு!"

சிரிப்பு கிளம்பியது. தமீரா சிரிக்கவில்லை. டேப்லெட் அவள் முன்னால் மேசையில் கிடந்தது. கைகள் இரண்டையும் மேசைக்கு அடியில் வைத்திருந்தாள்.

ஜிபார் பக்கத்தில் போய்க் குனிந்தாள். "நீதாம்மா. காலையில சொன்னேன்ல? தொடு."

"டீச்சரக்கா, போர்டுக்கு என் பேரு தெரியாதா?"

"தெரியும். இன்னிக்கு மட்டும்..."

"நுர்தான் பேரு தெரியுது. அய்பேக் பேரு தெரியுது." உதடு துடிக்க ஆரம்பித்துவிட்டது. "போர்டு என்னைக் கூப்பிடும்னு அம்மாகிட்ட சொல்லியிருக்கேன். அம்மா கடையில உக்காந்து போன்ல பாத்துட்டு இருக்காங்க."

சொல்லிவிட்டு அழவும் இல்லை, அதுதான் கொடுமை. கண்ணில் நீர் தளும்ப, பல்லில்லாத வாயை இறுக்க மூடிக்கொண்டு, பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பலகையில் அவள் குதிரை மட்டும் நின்ற இடத்தில் நின்றது. அதன் கழுத்தில் 'மணிக்குட்டி' என்று எழுதியிருந்தது.

அனார்குல் டீச்சர் எப்போது எழுந்து வந்தார் என்று தெரியவில்லை. காதருகே கிசுகிசுத்தார். இதே ஊரில் மருமகளாக வாழ்ந்தவர், விஷயம் அவருக்குச் சொல்லாமலே புரிந்துவிட்டது.

"தாண்டிப் போற பட்டன் ஒண்ணு இருக்குன்னு சொன்னியே, அதை அழுத்து. உன் மாமியார் பாத்துட்டு இருப்பா."

இருந்தது. வலது மூலையில், சிறிய அம்புக்குறி. தொட்டால் பலகை அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். பாடம் தடையில்லாமல் ஓடும், மேடம் மதிப்பெண் போடுவார், செப்டம்பரில் வேலை. வீட்டில் மானம் மிஞ்சும், மாமியாரின் உழைப்புக்கும் பலன் கிடைக்கும். ஒரு குழந்தைக்கு ஒரு சுற்று போகும், அவ்வளவுதானே? நாளைக்கு ஒரு மிட்டாய் கொடுத்தால் மறந்துவிடும்.

ஜிபாரின் விரல் அந்த அம்புக்குறிவரை போனது. அவள் பெரிய தியாகி ஒன்றும் இல்லை, பயந்த சுபாவம்தான். அழுத்தித்தான் இருப்பாள். ஆனால் திரும்பிப் பார்த்துத் தொலைத்தாள். தமீரா இன்னமும் பலகையை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இப்போதாவது கூப்பிடும், இப்போதாவது கூப்பிடும் என்று.

ஜிபார் சட்டைக்கையை இன்னும் மேலே மடித்துவிட்டாள். குதிரையின் பெயரை அழுத்திப் பிடித்தாள், பெட்டி திறந்தது. 'மணிக்குட்டி'யை அழித்தாள்.

"பிள்ளைங்களா, போர்டு மேல தப்பில்லை. அதுக்கு ஒரு பேரைத் தப்பாச் சொல்லிக்கொடுத்தது நான். இப்ப சரியாச் சொல்லித் தர்றேன்."

பெயரை எழுதினாள். எழுதுவது பெரிய கஷ்டமாக இல்லை. மைக் படத்தைத் தொட்டுவிட்டு, வாயைத் திறந்து, "தமீரா" என்றாள்.

அது சொன்னதா, மூச்சுவிட்டதா என்று அவளுக்கே சந்தேகம். பலகைக்குச் சந்தேகமே இல்லை. 'சத்தம் போதவில்லை. மீண்டும் முயலவும்' என்று சிவப்பில் எழுதிக்காட்டியது.

"டீச்சரக்கா, இன்னும் சத்தமா!" என்றான் நுர்தான்.

"தமீரா."

மீண்டும் சிவப்பு. இப்போது வகுப்பு முழுவதும் எழுந்து நின்று கத்தியது. "இன்னும் சத்தமா! இன்னும் சத்தமா!"

மூன்று வருடமாக வாயில் வராத பெயரை, கண்ணை மூடிக்கொண்டு, மாடு மேய்க்கிறவர்கள் மலைக்கு அந்தப் பக்கம் கூப்பிடுவார்களே, அந்தச் சத்தத்தில் கூப்பிட்டாள்.

"தமீரா!"

பலகை பச்சை காட்டியது. ஒரு கணம் கழித்து அதே குரலில், அதே சத்தத்தில், "தமீரா!" என்று கூப்பிட்டது. கைகள் மேசைக்கு அடியிலிருந்து பாய்ந்து வந்தன. முப்பத்தேழும் இருபத்தைந்தும் அறுபத்திரண்டு. குதிரை பாய்ந்தது. தமீரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஜிபாருக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு அடுத்த பிள்ளைக்குப் போனாள். அப்போதுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. ஒருதடவை சொன்னால் அது வாய்தவறியது. ஆனால் பலகை மறக்காது. இன்னும் ஐந்து சுற்று இருந்தது, ஐந்து சுற்றிலும் பலகை மற்ற பெயர்களை மூக்கடைத்த குரலில் கூப்பிட்டுவிட்டு, அந்த ஒரு பெயரை மட்டும் ஊருக்கே கேட்கும்படி அலறியது. முக்காலியில் சிவப்புப் புள்ளி கண் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

பாடம் முடிந்ததும் நடைக்கூடத்தில் சலீமா மேடம் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே பேசினார்.

"யாரு பேரு அது? மாமியாரா?"

"ஆமாங்க மேடம்."

"நெனச்சேன். எனக்கும் வீட்டுல நாலு பேரு வாயில வரக்கூடாது." குரலைக் கொஞ்சம் கடுமையாக்கிக்கொண்டார். "ஒரு குழந்தையோட பேரை உன் வசதிக்கு மாத்தினது தப்பு. அது உன் வீட்டு விஷயம், அந்தப் பொண்ணு ஏன் சுமக்கணும்? ஆனா எல்லாருக்கும் முன்னால உன் தப்புன்னு சொல்லி அங்கயே திருத்தினே. குழந்தைங்க மெஷினை எப்படிப் பழக்கறதுன்னும் கத்துக்கிட்டாங்க, தப்பை எப்படி ஒத்துக்கறதுன்னும் கத்துக்கிட்டாங்க. தேறிட்டே."

ஜிபார் தலைத்துணி முனையால் மூக்கைத் துடைத்தாள்.

"இன்னொரு விஷயம். அந்தப் போர்டு செயலியில நம்ம பேருங்களைச் சொல்ற குரல் கிடையாது. ஒவ்வொரு டீச்சரும் தனியா உக்காந்து பதிவு பண்ண முடியுமா? கல்லூரியில ஒரே குரல்ல பண்ணி, மாகாணத்துல எல்லா ஆரம்பப் பள்ளிக்கும் குடுக்கலாம்னு இருக்கோம். உன் குரல் தெளிவா இருக்கு. நீ பண்றியா?"

"எல்லாப் பேருமா மேடம்?"

"எல்லாப் பேரும். ஆம்பளப் பேரு, பொம்பளப் பேரு. ஒரு பேரு விட்டுப்போனாலும் எங்கயோ ஒரு குழந்தை கையைக் கீழ வெச்சுட்டு உக்காந்திருக்கும். நீதான் பாத்தியே. திங்கக்கிழமை வந்து சொல்லு."

எல்லாப் பேரும் என்றால் மாமனார் பெயரும்தான். மச்சான், நாத்தனார், கணவனின் பெரியப்பா, யாரும் பாக்கியில்லை. ஜிபார் தலையை ஆட்டினாள். காலையில் தமீரா ஆட்டியதும் இப்படித்தான் என்று இப்போது புரிந்தது.

போனை எடுத்தாள். நாத்தனார் அனுப்பியிருந்தாள்: 'நல்லா ஏலம் போட்டே எங்கம்மாவை. குரல் எட்டு ஊருக்குக் கேக்குது.' உலான் ஒரு சிரிப்புப் படமும், அதன் பின்னாலேயே ஒரு பயந்த முகமும் அனுப்பியிருந்தான். வீட்டிலிருந்து ஒரு அழைப்பும் இல்லை. அந்த அமைதிதான் பயமுறுத்தியது.

வாசலுக்கு வந்தால், மாமியார் நின்றுகொண்டிருந்தாள்.

கையில் துணி மூட்டை, காலில் சேறு. வீட்டிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள், அந்த முழங்காலோடு. பிள்ளைகள் இரைச்சலோடு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ஜிபார் குனிந்து வணங்கினாள். மாமியார் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

"எங்க அவ?"

"யாரும்மா?"

"என் பேர்காரி."

தமீரா அனார்குல் டீச்சரின் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். மாமியார் அவளைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்து, மூட்டையைப் பிரித்தாள். சூடு ஆறாத போர்சோக், ஒரு கிண்ணத்தில் பாலாடை. ஒரே பெயர் உள்ளவர்களுக்குள் ஒரு உறவு உண்டு, அதை வயது குறுக்கே வந்து தடுப்பதில்லை.

"எடுத்துக்கடி கண்ணு. நானும் தமீராதான். நாம ரெண்டு பேரும் இனிமே சிநேகிதி, தெரிஞ்சுதா?"

சிறுமி வாய் நிறைய அடைத்துக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள். "உங்களையும் டீச்சரக்கா மணிக்குட்டின்னுதான் கூப்பிடுவாங்களா?"

அனார்குல் டீச்சர் சிரிப்பை அடக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மாமியார் மருமகளை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"கூப்பிட்டுப் பாக்கட்டும்" என்றாள்.

இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். கால்வாய்க் கரையில் ஜிபாரே வாயைத் திறந்தாள்.

"மன்னிச்சுடுங்கம்மா. எனக்கு வேற வழி தெரியலை."

"எதுக்கு மன்னிப்பு? கத்தினதுக்கா, மணிக்குட்டிக்கா?"

ஜிபார் விழித்தாள்.

"கத்தினப்ப எனக்குக் கோவம் வந்துச்சுதான், இல்லேங்கல. கெழவர் வேற, 'உன்னைக் கூப்பிடறா, போய் என்னன்னு கேளு'ன்னு ஒவ்வொரு தடவையும் சொல்லிச் சிரிக்கறாரு. ஆனா அதுக்கு முன்னாடி, அந்தப் புள்ள கையைக் கீழ வெச்சுட்டு உக்காந்துச்சு பாரு, அதைப் பாத்துதான் எனக்கு ரத்தம் கொதிச்சுது. என் பேரு என்ன அம்மை நோயா? அதை வெச்சிருக்கற பாவத்துக்கு ஒரு பச்சப்புள்ள பூனை பேரைச் சுமக்கணுமா?" மூச்சு வாங்க நின்றாள். "பள்ளிக்கூடத்துல நூறு தடவை சொல்லு. வீட்டுல சொன்னே, நாக்கைப் புடுங்கி வேலியில காயப்போடுவேன்."

"சரிம்மா" என்றாள் ஜிபார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. மாமியாரின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். மாமியார் எடுக்கவில்லை.

பொழுது சாய்ந்ததும் மாட்டுக் கொட்டகையில் இருவரும் இருந்தார்கள். இன்று நான் கறக்கிறேன் என்று ஜிபார் எவ்வளவோ சொல்லியும் மாமியார் முக்காலியை விடவில்லை. வெளியே மாமனார் விறகு பிளக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. குழந்தை உள்ளே தூங்கியது.

இதைவிட நல்ல நேரம் வராது என்று ஜிபார் தேறிய விஷயத்தையும் சொன்னாள், திங்கட்கிழமை விஷயத்தையும் சொன்னாள். தேறியது கேட்டு மாமியார் மாட்டின் முதுகில் ஓங்கித் தட்டினாள், மாடு திடுக்கிட்டது. இரண்டாவதைக் கேட்டதும் பால் விழும் சத்தம் நின்றது.

"எல்லாப் பேருமா?"

"எல்லாம்மா."

"இந்த வீட்டு மனுஷன் பேருமா?"

"அதுவும்தான். நான் முடியாதுன்னு சொல்லிடறேன்மா. வேற யாராவது பண்ணட்டும்."

"உன்னை யாரு கேட்டா இப்ப?" மாமியார் வாளியைத் தள்ளிவைத்தாள். "கல்யாணமான புதுசுல மாட்டுச்சந்தையில இந்த மனுஷனைத் தொலைச்சுட்டேன். அவ்வளவு கூட்டம். எப்படிக் கூப்பிடறது? 'ஏ நீலத் தொப்பி'ன்னு கத்தினேன். சந்தையில இருந்த நீலத் தொப்பி எல்லாம் திரும்பிப் பாத்துச்சு, இவரு மட்டும் திரும்பலை. அன்னிக்கு முழுக்க நடந்தே தேடினேன்."

ஜிபார் சிரித்துவிட்டாள். மாமியார் சிரிக்கவில்லை.

"சொல்றப்ப எப்படிடி இருந்துச்சு?"

"மொதல் தடவை சத்தமே வரலைம்மா. அப்புறம் அந்தப் புள்ள முகத்தைப் பாத்தேனா, ஒண்ணுமே தெரியலை."

மாமியார் எழுந்து போய்க் கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். மாட்டின் விலாவில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள்.

"கெனேஷ்" என்றாள்.

ஜிபார் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மாமனாரின் பெயர் அது, அதுவும் இந்த வாயிலிருந்து. மாமியார் தலையை நிமிர்த்தி, எதையோ ருசி பார்ப்பவள்போல் உதட்டைக் கூட்டி, இன்னொருமுறை முயன்றாள். இம்முறை குரல் அவளையும் மீறி எழும்பிவிட்டது.

"கெனேஷ்!"

வெளியே விறகு பிளக்கும் சத்தம் நின்றது.

மாமியாரின் முகம் வெளுத்துவிட்டது. மருமகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "நீதான் கூப்பிட்டேன்னு சொல்லுடி" என்றாள்.

"ஐயோ, நானா!"

சேற்றில் காலடிகள் நிதானமாக வந்தன. கதவுக்கு வெளியே வந்து நின்றன. தாழ்ப்பாளில் கை வைக்கும் சத்தம் கேட்டது, ஆனால் கதவு திறக்கவில்லை. எப்போதும் கிண்டல் பேசியே பழகிய அந்தக் குரலில் இப்போது கிண்டல் துளியும் இல்லை.

"இன்னொரு தடவை கூப்பிடு" என்றார் மாமனார்.